எஞ்சின் யாருடையது?

எஞ்சினை மாற்றுவது பாவம் என்று ஒரு புதிய தர்மம் கிளம்பியிருக்கிறது. வண்டி உன்னுடையது. வரி கட்டுகிறவன் நீ, மாதத் தவணை கட்டுகிறவன் நீ, இன்ஷூரன்ஸ் கட்டுகிறவன் நீ, நடுரோட்டில் நின்றுபோனால் இறங்கித் தள்ளுகிறவனும் நீதான். ஆனால் பானெட்டைத் திறந்து, உள்ளே செத்துக் கிடப்பதை எடுத்துவிட்டு உயிருள்ள ஒன்றை வைப்பதற்கு மட்டும் உனக்கு யோக்கியதை கிடையாது. இந்தத் தர்மத்தைச் சட்டம் சொல்கிறது; கம்பெனி சொல்கிறது; காற்றின் சுத்தத்தைப் பற்றிக் கவலைப்படும் அன்பர்களும் சொல்கிறார்கள். மூவர் சொல்வதற்கும் மூன்று வேறு காரணங்கள். ஒன்று முழு நியாயம். ஒன்று அரை நியாயம். ஒன்று வெறும் வியாபாரம். இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஒற்றை வண்டி வைத்துப் பிழைக்கிறவன் தலையில் ஏற்றுகிறார்களே, அதை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எஞ்சினீயர் அல்ல. கல்லூரியில் இரண்டு வருஷத்துக்குமேல் உட்காராதவன். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் குன்றத்தூரில் குடியிருக்கிறவன். இந்த ஊரில் குடியிருந்துகொண்டு வண்டிகளைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியாது. ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் பிறக்கின்றன. இன்னொரு பக்கம் ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான் தொழிற்சாலை வந்தது. 2012-ல் டெய்ம்லர் லாரிகள் வந்தன. 2013-ல் ராயல் என்ஃபீல்டு வந்தது. புத்தம் புதுக் கார்களை முதுகில் சுமந்துகொண்டு டிரெய்லர்கள் இரவும் பகலும் போகின்றன. அவற்றுக்கு நடுவே, தண்ணீர் கேனும் காய்கறி மூட்டையும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு, எங்கள் ஊர்க்காரர்களின் குட்டி யானைகளும் சின்ன லாரிகளும் ஊர்ந்து போகின்றன. டிரெய்லரில் போகும் வண்டிகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசப் பெரிய மாநாடுகள் நடக்கின்றன. ஊர்ந்து போகும் வண்டிகளின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கதை இது. பெயர் வேண்டாம். நான்கு வருஷத்துக்கு முந்திய டீசல் பிக்கப் வண்டி ஒன்றுதான் அவருடைய சொத்து, தொழில், மகளின் கல்லூரிக் கட்டணம் எல்லாம். ஒருநாள் எஞ்சின் இறுகிப் போயிற்று. வண்டியை இழுத்துக்கொண்டு கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். எந்தக் கம்பெனி என்பதும் வேண்டாம். அங்கே கழற்றிப் பார்த்துவிட்டு, உள்ளே ரிப்பேர் செய்யும் வழக்கமில்லை, எஞ்சினையே முழுசாகப் புதிதாகப் போடவேண்டும் என்றார்கள். சொன்ன தொகை வண்டி வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அதுவும் வந்து சேர எத்தனை வாரம் ஆகும் என்று சொல்லமுடியாது. தவணைக்காரன் வாரக்கணக்குப் பார்ப்பதில்லை, தேதி பார்ப்பவன்.

அவர் எங்கள் தெரு மெக்கானிக்கிடம் வந்தார்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. வேற வழி இருக்குதா?"

"வழியா இல்ல? புதுப்பேட்டையில பழைய டீசல் எஞ்சின் நல்லதா ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். மவுண்டிங் வெட்டிப் புதுசா வெல்டு வெக்கணும். பெல் ஹவுசிங் ஒட்டாது, நடுவுல ஒரு பிளேட்டு கடைசல் போட்டு வாங்கணும். நாலு நாள்ல ஓட விட்டுடுவேன். ஆனா..."

"ஆனா?"

"எப்.சி.க்குப் போனா எஞ்சின் நம்பரு பேசும்."

அந்த 'ஆனா'வுக்குள் இருக்கும் விஷயங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில், இது ஏதோ பட்டறைக்காரர்கள் கண்டுபிடித்த திருட்டு வித்தை என்று நினைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் சரித்திரம். இந்த தேசத்தின் சாலைப் போக்குவரத்தே எஞ்சின் மாற்றி எஞ்சின் வைத்து வளர்ந்ததுதான். பெட்ரோலில் பிறந்த லாரிகளின் வயிற்றிலிருந்து பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சினை வைப்பதற்கென்றே உலகமெங்கும் பெயர் வாங்கியது பெர்க்கின்ஸ் பி-6 எஞ்சின். அந்தப் பெர்க்கின்ஸ் எஞ்சின்களை இங்கே உற்பத்தி செய்தவர்கள் நம் சென்னையின் சிம்ப்ஸன் கம்பெனியார். 1973-ல் அரபு தேசங்கள் எண்ணெய்க் குழாயைத் திருகி, பீப்பாய் மூன்று டாலர் விற்ற எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியபோது, பெட்ரோல் குடிக்கும் அம்பாஸடரையும் ஜீப்பையும் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பட்டறைக்குப் போய் டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்டார்கள். அதற்காக வானம் இடிந்து விழவில்லை. டாக்ஸிக்காரர்கள் பிழைத்தார்கள்.

பட்டறைக்காரன் செய்ததையே பிறகு கம்பெனிகள் செய்தன. அம்பாஸடரின் உடம்பு ஐம்பதுகளின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு உடம்பு. அதற்குள் 1980-ஐ ஒட்டி ஒரு 1500 சி.சி. டீசல் எஞ்சினை வைத்தார்கள். அதற்கு நாற்பது குதிரைச் சக்திகூடக் கிடையாது. தொண்ணூறுகளில் ஜப்பானிய இஸுஸு எஞ்சினை வைத்தார்கள். 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை அந்தக் கிழ உடம்புக்குள் எத்தனையோ இருதயங்கள் துடித்துவிட்டன. பெட்ரோல் ஜீப்பாக இந்தியாவுக்கு வந்த வில்லிஸின் வாரிசான மகிந்திரா ஜீப்புக்குள் பிரெஞ்சு தேசத்துப் பெஜோ டீசல் குடியேறியது. கம்பெனி செய்தால் அதற்கு 'புதிய மாடல்' என்று பெயர், விளம்பரம், திறப்பு விழா. பட்டறைக்காரன் செய்தால் அதற்குக் 'குற்றம்' என்று பெயர்.

தேவை என்று வந்துவிட்டால் தமிழன் எதைக்கொண்டும் வண்டி ஓட்டுவான். 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கண்ணால் காணாத பொருளானபோது, அங்கிருந்தவர்கள் ஒரு சொட்டுப் பெட்ரோலைக் காட்டி எஞ்சினை எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டினார்கள். புகை வந்தது, நாற்றம் வந்தது, ஆனால் பிரசவத்துக்குப் போகவேண்டியவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். அதை யாரும் ஆனந்தமாகச் செய்யவில்லை. ஆனால் கையிலிருக்கும் இயந்திரத்தைத் திறந்து பார்த்து மாற்றத் தெரிந்த ஜனங்கள் இருந்ததால்தான் அது முடிந்தது. அந்தத் திறமையைச் சட்டம் போட்டு அழித்துவிட்டால், நாளைக்கு ஒரு முட்டு வரும்போது நமக்கு யார் இருக்கிறார்கள்?

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுதான் இதற்கு மூலம். தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில், சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் செப்டம்பரிலிருந்து, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182-ஏ பிரிவு வந்து சேர்ந்தது.

இதே 52-ஆவது பிரிவிலேயே ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் குறையாமல் போக்குவரத்து வண்டிகள் வைத்திருக்கும் முதலாளி, தன் வண்டியின் எஞ்சினை எடுத்துவிட்டு அதே கம்பெனியின் அதே ரக எஞ்சினை வைத்துக்கொள்ள, மாநில சர்க்கார் நினைத்தால் முன் அனுமதியே தேவையில்லை என்று உத்தரவு போடலாம்! ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. பல வண்டிக்காரன் யோக்கியன், ஒற்றை வண்டிக்காரன் சந்தேகத்துக்குரியவன் என்று இந்தச் சட்டம் எங்கே கற்றுக்கொண்டதோ தெரியவில்லை.

"அப்படியானால் புகையைப் பற்றி உனக்குக் கவலை இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கவேண்டிய கேள்வி. மூன்று காரணங்களில் முழு நியாயமானது என்று நான் சொன்னது இதைத்தான்.

2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பாரத் ஸ்டேஜ் ஆறு என்ற விதி தேசம் முழுவதும் அமலுக்கு வந்தது. டீசலில் இருக்கும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. புகைக்குழாயில் கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி வந்தது. சில வண்டிகளில் யூரியாக் கரைசலைத் தெளித்து நச்சு வாயுவை முறிக்கும் ஏற்பாடும் வந்தது. இவையெல்லாம் விளையாட்டுச் சாமான்கள் அல்ல. டீசல் புகையின் கரித்தூள் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குள் போய் உட்காருகிற சமாசாரம். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012-லேயே சொல்லிவிட்டது. ஒரகடம் சாலையில் மாலை ஐந்து மணிக்குச் சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கிறவன் நான். அந்தப் பிள்ளைகளின் நெஞ்சில் கரியடிக்க எந்த வண்டிக்காரனுக்கும் உரிமை இல்லை. ஏழை என்பதற்காகவும் இல்லை.

ஆகவே எங்கள் தெரு மெக்கானிக் சொன்ன வழியை நான் ஆதரிக்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பழைய பம்ப் வைத்த எஞ்சினைப் புதிய வண்டியில் ஏற்றினால் அந்த வடிகட்டியும் மற்றதும் குப்பைக்குப் போகும். அதோடு, எஞ்சின் கனம் கூடினால் முன் அச்சுக்குப் பாரம் கூடும். பழைய எஞ்சினின் சுற்றுவேகத்துக்கும் புதிய கியர்பாக்ஸுக்கும் பொருந்தாது. மீட்டர் பலகையில் சிவப்பு விளக்கெல்லாம் எரியும். பிரேக்கைக் காக்கும் ஏ.பி.எஸ். வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது. சென்னைத் தெருக்களில் பழைய ஸ்கூட்டர் எஞ்சினை மாட்டிக்கொண்டு பறக்கும் மீன்பாடி வண்டியைப் பார்த்தவர்களுக்கு, மாற்றத் தெரிந்த கைக்கும் நிறுத்தத் தெரிந்த வண்டிக்கும் இடையே உள்ள தூரம் புரியும். 'நம்ம ஆள் மூளைக்காரன்' என்று மெச்சிக்கொண்டு நடுரோட்டில் ஒருவன் சாவதை ரசிக்க நான் தயாரில்லை.

ஆனால் ஐயா, புகை கூடாது என்பது ஒரு விஷயம். மாற்றக்கூடாது என்பது வேறு விஷயம். முன்னதை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்போது, அதன் முதுகில் ஏறிக்கொண்டு பின்னது உள்ளே வந்துவிடுகிறது. அங்கேதான் எனக்குச் சண்டை. சேதமான எஞ்சினுக்குப் பதிலாக, விபத்தில் நொறுங்கிய இன்னொரு அதே ரக வண்டியிலிருந்து நல்ல எஞ்சினை, அதே வடிகட்டியோடு, அதே கம்ப்யூட்டரோடு எடுத்து வைத்தால் காற்றுக்கு என்ன கெடுதல்? ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், ஒரு புது எஞ்சினை வார்ப்பதற்கு எரியும் கரியும் மின்சாரமும் மிச்சம். அந்த வழி ஏன் எங்கள் ஊர்க்காரருக்குக் கிடைக்கவில்லை?

கிடைக்காததற்குக் காரணம், சட்டத்துக்கும் முன்னால் கம்பெனி ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது. பழைய டீசல் எஞ்சினில் பல்சக்கரம் பம்பை ஓட்டும், பம்ப் நாசிலுக்கு டீசலைத் தள்ளும். காதால் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் மெக்கானிக். இன்றைய எஞ்சினில் ஒரு குழாயில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வாயுமண்டல அழுத்தத்தில் டீசல் காத்திருக்கிறது. எந்தக் கணத்தில், எத்தனை துளி என்று தீர்மானிப்பது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. சாவிக்கும் பெட்டிக்கும் ரகசியச் சொல் உண்டு. பல வண்டிகளில் ஒரு இஞ்செக்டரை மாற்றினால்கூட அதன் எண்ணைப் பெட்டிக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும். சொல்லிக் கொடுக்கும் கருவி கம்பெனியிடம் இருக்கிறது. இரும்பு ஒத்துக்கொண்டாலும் பெட்டி ஒத்துக்கொள்ளாது.

இது என் கற்பனை அல்ல. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார்க் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. என்ன குற்றத்துக்கு? உதிரிப் பாகங்களையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டதற்கு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு நீண்டது. 2022-ல் மத்திய சர்க்கார் 'ரிப்பேர் செய்யும் உரிமை' என்று ஒரு கமிட்டி போட்டு, அந்த வருஷ டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. இணையதளத்தைத் திறப்பது சுலபம். பெட்டியைத் திறப்பதுதான் கஷ்டம். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தார் 2012-லேயே ஓட்டுப்போட்டு, கார்க் கம்பெனிகள் கோளாறு விவரங்களை வெளிப் பட்டறைகளுக்கும் கொடுத்தாகவேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு உள்ள ரோஷம் நமக்கு ஏன் இல்லை?

சர்க்காருக்கும் எஞ்சின் மாற்றுவதில் கொள்கை விரோதம் ஒன்றும் கிடையாது என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஒரு அறிவிக்கை வந்தது. மூன்றரை டன்னுக்குக் குறைந்த பாரத் ஸ்டேஜ் ஆறு வண்டிகளில், டீசல் எஞ்சினை எடுத்துவிட்டு சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. எஞ்சினை வைத்துக்கொள்ளலாம் என்று அது அனுமதிக்கிறது! டீசலை எடுத்துவிட்டு பாட்டரியும் மோட்டாரும் வைப்பதற்கும் விதிகள் உண்டு. ஆகவே, புதிய வண்டியில் எஞ்சின் மாற்றுவது முடியாத காரியமும் அல்ல, ஆபத்தான காரியமும் அல்ல. அங்கீகாரம் பெற்ற சாமான் தொகுதியாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். ஆனால் அந்த அங்கீகாரத்துக்கான சோதனைச் செலவைத் தாங்கக்கூடியவர் யார்? பெரிய பட்டறை, பெரிய முதலாளி. ஒரே ஒரு வண்டியில் ஒரே ஒரு தடவை எஞ்சின் மாற்றவேண்டியவனுக்கு அந்த வாசலில் இடமில்லை.

இதற்குள்ளே அரை நியாயக்காரர்களையும் பார்த்துவிடுவோம். 'எஞ்சின் மாற்ற விட்டால் திருட்டு எஞ்சின் புழங்கும்' என்கிறார்கள் அதிகாரிகள். வாஸ்தவம்தான். எஞ்சின் எண் என்று ஒன்று வைத்ததே அதற்காகத்தான். ஆனால் திருடனைப் பிடிக்க வழி, வாங்குகிறவன் எல்லோரையும் திருடனாக்குவதா? 2021-ல் வந்த விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. அங்கே உடைபடும் வண்டியின் நல்ல எஞ்சினுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து விற்கச் சொல்லுங்கள். எண் சுத்தமாக இருக்கும், ஆர்.டி.ஓ. ஆபீஸில் புரோக்கர் மட்டும் பட்டினி கிடப்பார்.

டீசல் என்று நாம் தினம் சொல்லும் பெயர் ஒரு மனிதனுடைய பெயர். ருடால்ப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தன் எஞ்சினை ஓட்டிக் காட்டினார். பெரிய நீராவி எஞ்சின் வைக்கப் பணம் உள்ள ஆலை முதலாளியோடு, சின்னத் தொழிலாளியும் கைவினைஞனும் போட்டிபோட ஒரு எஞ்சின் வேண்டும் என்பது அவருடைய ஆசைகளில் ஒன்று. 1913-ல் இங்கிலாந்துக்குப் போன கப்பலிலிருந்து காணாமற் போனார். அவருடைய எஞ்சின் காணாமற் போகவில்லை. அவருடைய ஆசைதான் காணாமற் போயிற்று. சின்னவனுக்காக நினைத்துச் செய்த யந்திரம், சின்னவன் தொடமுடியாத பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கிறது.

நான் கேட்பது மூன்றே மூன்று. ஒன்று: மாற்றி வைக்கும் எஞ்சின், அந்த வண்டி பிறந்தபோது இருந்த புகை விதிக்குக் குறையாததாக இருந்தால், ஒற்றை வண்டிக்காரனுக்கும் குறித்த நாட்களுக்குள் அனுமதி கொடு. குறைந்ததாக இருந்தால் தயங்காமல் மறு. இரண்டு: பெட்டியைத் திறக்கும் கருவியையும் விவரத்தையும் நியாயமான விலைக்கு வெளிப் பட்டறைக்கு விற்கும்படி கம்பெனியைக் கட்டாயப்படுத்து. மூன்று: காகிதத்தைப் பார்க்காதே, வண்டியைப் பார். புகையை அள, பிரேக்கை அள, முன் அச்சின் பாரத்தை அள. எட்டு வயதுவரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையும், பிறகு வருஷா வருஷமும் சரக்கு வண்டி எப்.சி.க்கு வந்துதானே ஆகவேண்டும்? அந்தச் சோதனையை உண்மையான சோதனையாக்கு.

அளக்க இடமில்லை என்று மட்டும் சொல்லவேண்டாம். இதே ஒரகடத்தில் மத்திய சர்க்காரின் வாகன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் புதிய வண்டிகளைக் கொண்டுவந்து சோதித்துச் சான்றிதழ் வாங்கும் இடம் அது. நம் வரிப்பணத்தில் கட்டியது. வாரத்தில் ஒருநாள், ஒரே ஒரு வாசலைச் சின்ன வண்டிக்காரர்களுக்கும் அவர்களுடைய மெக்கானிக்குகளுக்கும் திறந்துவிட்டால் என்ன குடிமுழுகிப்போகும்? தேறாத வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். ஏன் தேறவில்லை என்று சொல்லி அனுப்புங்கள். எங்கள் மெக்கானிக்குகள் முட்டாள்கள் அல்ல. இரண்டாவது தடவை சரியாகச் செய்துகொண்டு வருவார்கள். அப்படி வருகிறவர்களில் சிலரிடமிருந்து அந்த நிலையத்தார் கற்றுக்கொள்ளக்கூடியதும் கொஞ்சம் இருக்கும்.

குயவரையும் வண்ணாரையும் மீனவரையும் அரசர்களோடு ஒரே வரிசையில் உட்காரவைத்துப் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. அந்த ஊரில் நின்றுகொண்டு கேட்கிறேன்: ஆயிரம் வண்டி செய்கிறவனுக்கு ஒரு வாசலும், ஒரு வண்டியைச் சரிசெய்கிறவனுக்கு ஒரு சுவரும் எதற்கு? வண்டி விற்ற பிறகும் எஞ்சின் கம்பெனியினுடையதுதான் என்றால், தவணையையும் கம்பெனியே கட்டட்டும். தவணை கட்டுகிறவனுடையது எஞ்சின் என்றால், சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, புகையை மட்டும் அளந்து பாருங்கள்.